எந்த வருஷத்துக் கார்?

"எந்த வருஷத்துக்குக் கொண்டுபோகணும் சார்?" என்று போனில் கேட்டார் அவர். கோயம்புத்தூரில் பழைய கார்களைப் புதுப்பித்துத் தருகிறவர். நான் யோசிக்கவே இல்லை. "1966" என்றேன். தாத்தா கார் வாங்கிய வருஷம். அவரும் குறித்துக்கொண்டார். அன்று ராத்திரி படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி செருப்புக்குள் மாட்டிய பொடிக்கல்லாக உறுத்தத் தொடங்கியது. அந்தக் கார் ஐம்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் தாத்தா ஓட்டியது இருபது வருஷம். மீதியெல்லாம் அப்பா ஓட்டியது. நான் 1966 என்று சொன்ன வேகத்தில் அப்பாவுடைய வருஷங்களைத்தான் துடைத்துவிடச் சொல்லியிருந்தேன். தெரியாமல் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தெரிந்துதான் சொன்னேன்.

அது அம்பாசிடர் மார்க் 2. கட்டம் போட்ட கிரில், ஸ்டியரிங்கை ஒட்டிக் கியர், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒரே நீள சீட்டு. சேர்மாதேவியில் தாத்தாவுக்கு ஒரு அரிசி மில்லும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயலும் இருந்தன. எங்கள் பக்கத்தில் கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நாலு சக்கரம் இல்லை. ஆனி, ஆடியில் தாமிரபரணியில் தண்ணீர் வந்ததும் போடுகிற நெல்லுக்குப் பெயர் கார். ஐப்பசிக்கு மேல் போடுவது பிசானம். ஒரு மாசி மாசத்தில் தாத்தா வாசலில் நின்று "ஏ இவளே, காரு வந்தாச்சு" என்று கூப்பிட, அடுக்களையிலிருந்து ஆச்சி, "பிசான அறுப்பு நடக்கும்போது ஏது காரு?" என்று கேட்டாளாம். இந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம், காதுகுத்து நடந்ததில்லை. (அம்பாசமுத்திரத்துச் சொந்தக்காரர்கள் அம்பாசிடர் தங்கள் ஊர் வண்டி என்று உரிமை கொண்டாடுவது தனிக்கதை. அது கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் செய்தது, அதற்கு மூலம் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்றெல்லாம் சொன்னால் கேட்க மாட்டார்கள்.)

வாங்கும்போது அதன் நிறம் சாம்பல். நான் அந்த நிறத்தில் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு கறுப்புவெள்ளைப் போட்டோவில் தாத்தா பானெட்டில் கை ஊன்றி நிற்கிறார், அவ்வளவுதான். எனக்கு நினைவு தெரிந்து அது வெள்ளை. அதுவும் கம்பெனி வெள்ளை இல்லை, டிங்கர் பட்டறையில் கதவு இடுக்கு, ரப்பர் பீடிங் எல்லாவற்றின் மேலும் சேர்த்து அடித்த வெள்ளை. ஏனென்றால் கல்யாணத்துக்குக் கேட்கிறவர்கள் வெள்ளைக் கார்தான் கேட்டார்கள். எண்பதுகளில் மில் படுத்துவிட்டது. பங்கு பிரித்ததில் எங்களுக்கு வந்தது கடனும் காரும். அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். ஓன் போர்டில்தான், டாக்ஸி பெர்மிட் எல்லாம் இல்லை. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம், குற்றால சீசன், ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. சில நாள் அதே ஆஸ்பத்திரியிலிருந்து, பின் சீட்டில் துணி போர்த்திப் படுக்கவைத்து, விடிவதற்குள் ஊர் திரும்ப வேண்டிய சவாரியும் உண்டு.

பாளையங்கோட்டையில் நான் படித்தபோது அப்பா சில சாயங்காலம் ஸ்கூல் வாசலில் வந்து நிற்பார். சவாரியை இறக்கிவிட்டு, போகிற வழியில் என்னை ஏற்றிக்கொள்ளலாம் என்று. தூரத்திலேயே டீசல் எஞ்சினின் சத்தம் கேட்கும். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று பலமுறை பின்வாசல் வழியாகப் போயிருக்கிறேன். தாத்தாவின் கார் பெட்ரோல் கார், சத்தமே இல்லாமல் வருமாம், அதில் ஏறிப்போனவர்கள் பண்ணையாரின் விருந்தாளிகள். அப்பாவின் கார் கடகடவென்று வரும், அதில் வருகிறவர்கள் பேரம் பேசுவார்கள். எனக்கு எந்தக் கார் வேண்டும் என்பதை அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டேன் போல.

பாயும் பெட்ரோலும்

அப்பா 2019இல் இறந்தார். கார் சேர்மாதேவி வீட்டுத் தொழுவத்தில் நின்றது. நிற்கிற காரைப் போலக் கெடுகிற பொருள் வேறு கிடையாது. ஓடுகிற கார் தேயும், நிற்கிற கார் அழுகும். டேங்கில் அரைகுறையாகக் கிடக்கும் டீசலில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். பிரேக் சிலிண்டர் இறுகிப்போகும். டயர் தரையில் பதிந்த இடத்தில் தட்டையாகும். தொழுவத்தின் ஈரம் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை உள்ளிருந்து தின்றிருந்தது. அம்பாசிடருக்கு லாரி மாதிரி அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. உடம்பே சட்டம்தான், அந்தத் தகடு போனால் முதுகெலும்பு போன மாதிரி. காலால் மெதுவாக உதைத்தேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் 2021இல் வந்த விதியைப் பற்றிப் படித்தேன். முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிந்தால் எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான் முக்கியம்: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சட்டம், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அப்பா மாட்டிய டீசல் எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சர்க்காரே சொல்கிறது!

மேலப்பாளையத்தில் எங்கள் வண்டியைக் காலம் காலமாகப் பார்க்கிற பட்டறைக்குப் போனேன். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்து வைத்தார்.

"தம்பி, அந்த டீசல் எஞ்சினை மாட்டுனது எங்க வாப்பா. 87ல. நான் பக்கத்துல நின்னு போல்ட்டு எடுத்துக் கொடுத்தேன். அது ஒண்ணும் அந்நியம் இல்ல. பெட்ரோலும் 1489 சி.சி., டீசலும் 1489 சி.சி. ரெண்டும் பி.எம்.சி.ங்குத ஒரே பிரிட்டிஷ் கம்பெனி குடும்பத்து எஞ்சின்தான். அண்ணன் தம்பின்னு வச்சுக்கிடுங்க."

"சரி பாய், அண்ணன் இருந்த இடத்துல அண்ணனை வைக்கணும்னுதான் கேக்கேன்."

"அண்ணன் பழைய இரும்புக் கடைக்குப் போயி முப்பது வருஷமாச்சே. வேற எங்கயாவது ஒண்ணைத் தேடி வாங்கிட்டு வந்து மாட்டலாம். அது மட்டும் உங்க தாத்தா எஞ்சினா?"

அப்புறம் அவர் பெட்ரோலைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். வால்வு வந்து உட்காரும் இடம் தேயாமல் அது காத்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. அதனால் பழைய எஞ்சினை எடுத்தால் ஹெட்டைக் கழற்றி வால்வு சீட்டுக்குக் கெட்டியான வளையம் போட வேண்டும். இப்போது பங்கில் வருவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயாபிரத்தையும் ஊறவைத்து நைத்துவிடும். எப்போதாவது எடுத்து ஓட்டுகிற வண்டியில் அது கார்பரேட்டருக்குள் கிடந்து பச்சை பூக்கும். "ஒரிஜினலாக்குறேன்னு சொல்லி ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருக்கணும். டீசலுக்கு இந்தக் கொடுமை எதுவும் கிடையாது. தேருக்கு வடம் அறுந்தா வேற வடம் மாட்டுதோம். அதுக்காக அது வேற தேரா?"

2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் அறுந்ததைச் சொல்கிறார். "வடம் வேற, அச்சு வேற பாய்" என்றேன். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

பாய் போன கதை

அசல், அசல் என்று குதித்துக்கொண்டிருந்த அதே மாசத்தில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். இது வேறு பாய். தாத்தா முன் சீட்டின் மேல் ஒரு பத்தமடைப் பாய் விரித்திருந்தார். சேர்மாதேவிக்குப் பத்தமடை அடுத்த ஊர். ரெக்சின் சீட்டில் நம் ஊர் வெயிலில் உட்கார்ந்தால் முதுகு வெந்துவிடும் என்பதால் சீட்டின் அளவு சொல்லி நெய்து வாங்கியது. சாயக்கோரை, ஓரத்தில் பட்டுத்துணி வைத்துத் தைத்தது. அப்பா அதை எடுக்கவே இல்லை. கிழிந்த இடத்தில் ஆச்சி புடவைத் துண்டை வைத்துத் தைத்திருந்தாள். அதற்கு ஒரு வாசம் உண்டு. காய்ந்த கோரை, டீசல், தாத்தாவின் பட்டணம் பொடி.

சீட்டை மட்டும் முதலில் முடித்துவிடலாம் என்று ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். அசல் நிறத்தில் ரெக்சின், அசல் தையல் கோடு, எல்லாம் போட்டோ பார்த்துச் செய்யச் சொன்னேன். அற்புதமாகச் செய்து கொடுத்தார்கள். "அந்தப் பாய் எங்க?" என்றேன். "குப்பையோட போட்டாச்சே சார், அது கம்பெனி அயிட்டம் இல்லையே" என்றார்கள். கோபப்பட ஒன்றும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தது மட்டும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். நம் பக்கத்துக் கோயில்களில் ஒரு காலத்தில் திருப்பணி என்ற பேரில் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துக் கல்லைப் பளபளப்பாக்கினார்கள். அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் மழுங்கின. அதைத் திட்டி நான் முன்பு ஒரு பதிவே எழுதியிருக்கிறேன். அதை எடுத்து மறுபடி வாசிக்க எனக்கு இப்போது தைரியம் இல்லை.

கையெழுத்து

கோயம்புத்தூருக்கு அனுப்புவதற்கு முன் ஆர்.சி. விஷயத்தை முடிக்க வேண்டியிருந்தது. கார் இன்னமும் தாத்தா பெயரிலேயே இருந்தது. தாத்தா இறந்தது 1995. அப்பா பெயர் மாற்றவே இல்லை, சோம்பல் என்றுதான் அம்மா சொல்வாள். வாரிசுப் பெயருக்கு மாற்றப் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். தாத்தாவின் பிள்ளைகளில் உயிரோடு இருப்பது அத்தை ஒருத்தி. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள், எண்பது நெருங்குகிறது. ஒரு கையெழுத்து, அரை மணி நேர வேலை என்று போனேன்.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு சம்மதக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு, "ஆர்.சி. புக்கு எங்கல?" என்றாள். கொடுத்தேன். அந்தப் புத்தகத்தை நான் வண்டி எண்ணுக்காகவும் தேதிக்காகவும் மட்டுமே புரட்டியிருந்தேன். அத்தை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் அடிக்கப்பட்டு, மேலே நீல மையில் டீசல் என்றும் புது எஞ்சின் நம்பரும் எழுதி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் முத்திரை. 1987.

"இதை எதுக்குல மாத்தணும்ங்குத?"

விண்டேஜ் விதியை விளக்கினேன். அசல் வடிவம், எண் எல்லாம் சொன்னேன். அத்தை நிதானமாகக் கேட்டாள்.

"அப்படிப் பதிஞ்சா பாவநாசத்துக்கு ஓட்டிட்டுப் போலாமா?"

"அப்படித் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது அத்தை. கண்காட்சிக்கு, ராலிக்கு ஓட்டலாம். பெட்ரோல் போடப் போகலாம், பட்டறைக்குப் போகலாம்."

"பெட்ரோல் போடப் போலாம், பாவநாசம் போவக் கூடாது. நல்லாருக்குல சட்டம்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "சரி, கழட்டுத எஞ்சினை என்ன செய்வ?"

"அது எடைக்குத்தான் போகும்."

"எடைக்கா? போடுத அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடு. நானும் வாரேன். அதுல என் வளையல் ரெண்டு கெடக்கு, எடுத்துக்கிடுதேன்."

எனக்குப் புரியவில்லை. வயசாகிவிட்டது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அத்தை உள்ளே பார்த்து, மருமகள் காதில் விழாது என்று உறுதி செய்துகொண்டு சொன்னாள். பெட்ரோல் எஞ்சினை வைத்து வாடகைக்கு ஓட்டினால் கிடைக்கிற காசெல்லாம் பங்கிலேயே போய்விடும். டீசல் அப்போது பெட்ரோலைவிட எவ்வளவோ மலிவு. எஞ்சினை மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். கையில் ஒன்றும் இல்லை. மில் கடன்காரர்களிடம் மேற்கொண்டு கேட்க முடியாது. ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அத்தை, திரும்பிப் போகும்போது ஆறு வளையலைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். மாமாவுக்குத் தெரியாது. கல்லிடைக்குறிச்சிக்குப் போவதற்கு முன் திருநெல்வேலிக்குப் போய் ஆறு கவரிங் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். "நாலு வருஷம் போட்டுருந்தேன். கறுத்துச்சுன்னா புளியப் போட்டுத் தேய்ப்பேன். உங்க மாமா தங்கத்துக்கு எதுக்குடி புளின்னு ஒருநா கேட்டுட்டாவ. அன்னைக்கு உசுரே போயிட்டு."

அப்பா ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்திருக்கிறார். குற்றால சீசன் நன்றாக இருந்த ஒரு வருஷம் இரண்டு. அப்புறம் ஒன்று, ஒன்று. நாலு வந்தது. அதற்குள் என் ஸ்கூல், அக்கா கல்யாணம். "ரெண்டு பாக்கி. நானும் கேக்கல, அவனும் மறக்கல. பேரு மாத்துனா நீ வந்து கையெழுத்துப் போடணும், உன் முகத்தைப் பாத்து எப்படிக் கேப்பேன், ரெண்டு வளையலையும் செஞ்சுட்டு மாத்திக்கிடுதேம்பான். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேக்கும் பாரு. அடுக்களையில இருந்தே நெனச்சுக்கிடுவேன், என் வளையல்லா கெடந்து கடகடங்குது."

நான் திண்ணைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சத்தத்துக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போனேனோ, அதே சத்தத்தை இங்கே ஒருத்தி அடுப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கும் இந்தக் கதை தெரியாது. சோம்பல் என்று நாங்கள் எல்லாரும் சொன்னதற்குக் காரணம் இரண்டு வளையல். நான் மெதுவாக, "அந்த ரெண்டையும் நான் செஞ்சு தாரேன் அத்தை" என்றேன். இப்போது விற்கிற விலையில் அது கோயம்புத்தூர்க்காரர் சொன்ன தொகையில் பெரும்பங்கு வரும் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. அத்தை கையை வீசினாள். "சவத்த விடுல. இந்தக் கையில போட்டு யாருக்குக் காட்டப் போறேன்? எங்கல போடணும் கையெழுத்து?"

மீதி

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். "வேற வருஷம் சொல்லுங்க, செஞ்சிரலாம்" என்றார், நல்ல மனிதர். என்னிடம் சொல்வதற்கு வருஷம் இல்லை. விண்டேஜ் பதிவையும் விட்டுவிட்டேன். வாகன உலகத்து நண்பர் ஒருவர் இதைக் கேட்டு, "டீசல் மாத்துன அம்பாசிடர் ஊருக்குப் பத்து கிடந்தது, அதுல என்ன இருக்கு பாதுகாக்க?" என்றார். அவர் சொல்வது தப்பில்லை. அவருடைய கணக்கில் என் கார் தோற்ற கார்தான். ஆனால் அசல் என்று அவர் சொல்வது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அந்த ஒரு நாள். எங்கள் வீட்டில் யாரும் காருக்குள் ஏறாத நாள் அது. இப்படி அவரிடம் பேசவில்லை, இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அழுகின தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். அதில் சமரசம் இல்லை, உயிர் விஷயம். பிரேக் முழுக்கப் புதுசு. முன் சக்கரம் திரும்புகிற மூட்டுகளான டிரனியன்களுக்குக் கிரீஸ் போகிற துளைகள் பெயின்ட்டில் அடைத்திருந்தன, அப்பாவின் வெள்ளைதான். பாய் ஊசியால் குத்தித் திறந்தார். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாஸில்களையும் டீசல் பம்ப்பையும் பம்ப் கடையில் கொடுத்துச் சரிபார்த்தோம், இல்லாவிட்டால் புகைச் சான்றிதழ் கிடைக்காது. வெள்ளையைச் சுரண்டவில்லை. டிரைவர் கதவின் உள்விளிம்பில் மட்டும், கதவைத் திறந்தால்தான் தெரியும் இடத்தில், அரையடி அளவுக்குத் தண்ணீர்க் காகிதம் வைத்துத் தேய்த்தேன். வெள்ளைக்குக் கீழே ஒரு மங்கின வெள்ளை, அதற்கும் கீழே தாத்தாவின் சாம்பல். நான் நினைத்ததைவிட நீலம் கூடின சாம்பல். அப்படியே விட்டுவிட்டேன். பத்தமடையில் சீட்டு அளவுக்கு ஒரு பாய் சொல்லி வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது. வாசம் இல்லை.

ஆடி அமாவாசைக்கு அத்தையைப் பாபநாசம் கூட்டிப் போனேன். அப்பாவுக்குத் தர்ப்பணம். விடியும் முன்பே கல்லிடைக்குறிச்சிக்குப் போய் வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி ஹீட்டர் பிளக் சூடாகக் காத்திருக்க வேண்டும். அத்தை முன்பே படியில் வந்து நின்றிருந்தாள். முன் சீட்டில் ஏறி, கோரையைக் கையால் தடவிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தின பிறகு தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சத்தம் கொறஞ்சிருக்கே. என்னல செஞ்ச?"

"நாஸிலும் பம்ப்பும் கழட்டிச் சரிபண்ணினோம் அத்தை."

"உள்ள இருந்து எதையும் எடுத்துரலையே?"